அரை நிமிடம்

கிளிநொச்சியில் மடிக்கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உருத்திரபுரத்து அக்கா ஒருவர் இறந்துபோன கணவரின் மடிக்கணினியோடு வந்தார்.

"ஒன் ஆகுதில்லை தம்பி. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு அவற்ற படம் இதுக்குள்ளதான் கிடக்கு."

கடையில் சனம். சார்ஜரை மட்டும் செருகிப் பார்த்துவிட்டு, "மதர்போர்ட் செத்துப்போச்சு அக்கா" என்றேன். அவர் அதை என்னிடமே விட்டுப்போனார்.

முப்பத்தோராம் நாளும் கழிந்தபின், உதிரிப்பாகம் எடுக்கப் பற்றரியைக் கழற்றினேன். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திவிட்டு, ஏதோ யோசனையில் சார்ஜரைச் செருகினேன். முதல்நாளே செய்திருக்க வேண்டியது அது. திரை ஒளிர்ந்தது. அதில் அக்காவின் கணவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கே கொண்டுபோனேன். அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"கல்வெட்டில அடையாள அட்டைப் படம்தான் போட்டனாங்கள் தம்பி. அப்பா மாதிரி இல்லையெண்டு பிள்ளையள் அழுததுகள்."

திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். அவர் தேத்தண்ணி தந்தார்.