சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு, அத்தானோடு

எங்கள் பெட்டிகள் கப்பலில் ஏறிவிட்டன. நாங்கள் ஏறவில்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பலேறும் படிக்கு முன்னால் நின்ற டாக்டர், அத்தான் வாயில் பொத்தியிருந்த லேஞ்சியை விரித்துக் காட்டச் சொன்னார். துணியில் ரத்தம் இருந்தது. இந்த ஆளை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். சாயங்காலம் எங்கள் பெட்டிகளோடு கப்பல் போய்விட்டது.

அத்தான் என் அக்காவின் கணவர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த கடைசி வருஷங்களில், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர். அது நின்றுபோன பிறகு சங்கு குளித்தார். சங்கு வருஷத்தில் சில மாதங்களுக்குத்தான் சோறு போடும். அக்கா வயிற்றுப் பிள்ளையோடு இருக்கையில் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்கே பழுதுபார்க்க வரும் கப்பல்களின் அடிவயிற்றுக்குள் புகுந்து துருச் சுரண்டும் வேலை. சில வருஷம் கழித்து நானும் போய், ஒரு மளிகைக் கடையில் சாமான் கட்டிக்கொண்டு அவர் அறையிலேயே தங்கினேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெள்ளைக்காரப் படை தளத்தைக் காலிசெய்து போய்க்கொண்டிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இனி பர்மிட் கிடையாது என்றார்கள். அதற்குள் அத்தானுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. காசநோய் என்று ஊசி போட்டார்கள். கொஞ்சம் தேறியதும், வேலை போய்விடுமென்று பயந்து பாதியில் நிறுத்திவிட்டார். நோய் திரும்பி வந்தபோது எந்த மருந்துக்கும் மசியவில்லை.

கப்பல் டிக்கெட் ஆபீஸில் இருந்த காயல்பட்டினத்துக்காரர்தான் வழி சொன்னார். "தம்பி, கப்பல் நாளைக்குக் கிள்ளான் துறைமுகத்துல நிக்கும். மறுநாள் காலையில பினாங்கு. அங்கன வேற டாக்டர். டிக்கெட்டு செல்லும். ரோட்டு வழியாப் போய்ச் சேந்துருங்க. மத்தத அல்லா பாத்துக்கிடுவான்."

ரயிலுக்குக் கையில் இருந்த காசு காணாது. மறுநாள் கருக்கலிலேயே டவுன் பஸ்ஸில் ஜொகூருக்குப் புறப்பட்டோம். மாற்றுத்துணிகூடப் பெட்டியோடு போய்விட்டது. ஒரு துணிப்பையும் கஞ்சி ஊற்றிய போத்தலும்தான் எங்கள் சாமான்.

எல்லைச் சாவடிக்கு வரிசையில் நிற்கும்போது அத்தான் என் காதருகே குனிந்தார். "நீ பேசிக்கோ. நான் மூச்ச அடக்கிக்கிடுதேன்."

அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் நிதானமாகப் புரட்டினார். எங்கே போகிறீர்கள் என்றார். பினாங்கு, அங்கிருந்து கப்பலில் ஊருக்கு என்றேன். அத்தான் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி ஆடாமல் நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இவர் பேச மாட்டாரா என்று கேட்டார். களைப்பு என்றேன். முத்திரை விழுந்தது.

கட்டடத்தைத் தாண்டியதும் அவர் தரையில் உட்கார்ந்து இருமினார். அப்படி ஒரு இருமலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டு மூச்சு இருந்தா அடி வரைக்கும் போய்ச் சிப்பி அள்ளிட்டு வந்துருவேம்ல" என்றார்.

கோலாலம்பூர் போகும் பஸ்ஸில் ஆளோடு ஆள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் இருமல் ஆரம்பித்தது. முன் சீட்டிலிருந்த பெண், மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். பிறகு பக்கத்து ஆள். கண்டக்டர் எங்களைப் பின்சீட்டுக்கு மாற்றினார். அங்கே புகை உள்ளே வந்து இருமல் கூடியது. யாரோ சத்தம் போட்டார்கள். மொழி புரியாவிட்டாலும் என்ன சொல்கிறார்கள் என்பது புரிந்தது. எங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் செய்ததைத்தான் எவளும் செய்வாள். ஒரு சின்ன ஊரில் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. மூடிக்கிடந்த ஒரு கடையின் இறவாரத்தில் ஒதுங்கினோம். எதிரே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. அத்தான் கஞ்சியில் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போத்தலை என்னிடம் நீட்டினார். நான் தயங்கினேன். அவர் அதைக் கவனித்துவிட்டு மூடி வைத்துவிட்டார்.

"ஏலே, நீ மட்டும் போ. பெட்டிய அக்காகிட்டக் குடுத்துரு. நான் இங்கன ஏதாவது ஆஸ்பத்திரியில கெடந்துக்கிடுதேன்."

"சும்மா இரிங்கத்தான்."

"அந்தப் புள்ள மொகத்த நான் பாத்ததே கெடையாது. போட்டாவுல பாத்ததுதான். மொதமொதலாப் பாக்கப் போகையில இந்தச் சீக்கையா கொண்டுக்கிட்டுப் போவேன்?"

"அக்கா கேட்டா நான் என்ன சொல்ல?"

"செத்துட்டாம்னு சொல்லு. எப்பிடியும் அது பொய்யாப் போவாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அத நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க" என்று கத்தினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். சட்டைக்குள் எலும்பு மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, கூட்டிட்டுப் போ" என்றார். சம்மதித்துச் சொன்னாரா, என்னோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் தமிழர், தோட்டத்தில் பிறந்தவர். அத்தானை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முன்னால வேணாம், பின்னால ஏறிப் படுத்துக்கச் சொல்லுங்க" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே, புகைபோட்ட ரப்பரின் நாற்றத்தில், கோலாலம்பூர் வரை அத்தான் என் மடியில் தலைவைத்துக் கிடந்தார். பள்ளத்தில் லாரி விழும்போதெல்லாம் அக்கா பெயரைச் சொல்லி முனகினார்.

கோலாலம்பூரில் அவர் வாயைத் துண்டால் சுற்றிக் கட்டினேன். பல்வலி என்று கண்டக்டரிடம் சொல்லி, வடக்கே போகும் பஸ்ஸில் கடைசி வரிசை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஈப்போ தாண்டியதும் காய்ச்சல் ஏறியது. இருமவும் தெம்பில்லாமல் போனதால் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன். பட்டர்வொர்த்தில் படகு ஏறி அக்கரையில் பினாங்குத் தீவில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. படகுத்துறையின் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டோம்.

காலையில் கப்பல் நின்றிருந்தது. துறைமுக டாக்டர் இளவயசுக்காரர். ஏறக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து அலுத்துப்போயிருந்தார். அம்மை குத்திய காகிதத்தை மட்டும் பார்த்தார். அத்தானின் முகத்தைப் பார்க்கவேயில்லை. அந்த ஒரு நாள் முழுவதும் நாங்கள் பயந்து செத்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். படியில் அவரைத் தாங்கி ஏற்றும்போது எனக்கு அழுகை வந்தது.

நாகப்பட்டினத்தில் இறங்கி, பஸ் மாறி மாறித் தூத்துக்குடி வந்து சேர்ந்தோம். அத்தான் வீட்டுக்குள் நுழையவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், கரையேற்றிப் போட்டிருந்த தோணியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். ஓடிவந்த அக்காவைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏளா, கிட்ட வராத. புள்ளைய மட்டும் அங்கனயே நிப்பாட்டு."

அக்கா பின்வாங்கி, வாசலில் நின்ற மகளின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உம் பேரென்னம்மா?" என்று கேட்டார். பெயர் வைத்து எழுதி அனுப்பியதே அவர்தான். அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போலத் தலையை ஆட்டினார்.

அன்றைக்கே அக்கா அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கிட்ட வராதே என்றதை அவள் கேட்கவில்லை. தினமும் மீன்குழம்பும் சோறும் கொண்டுபோய் ஊட்டிவிட்டாள், தலை துவட்டிவிட்டாள், படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னாள். மகளை மட்டும் அழைத்துப் போகவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது அவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று, அவர் ரப்பர் காட்டு மழையில் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். வராமலே இருந்துவிடுகிறேன் என்றாரே, நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன் என்றேன். அவள் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"கல்யாணங்கட்டி இத்தன வருசத்துல, நான் அவருக்குப் பொண்டாட்டியா இருந்தது இந்தக் கொஞ்ச நாளுதான். அதையும் இல்லாம ஆக்கணும்னு நெனச்சிருக்காரு பாரு."

அப்புறம் என்னைச் சாப்பிட உட்காரச் சொன்னாள்.