சாமிப் படக் கண்ணாடியும் ஹியூபேட்டும்

ஹியூபேட் கொழும்பு கொட்டாஞ்சேனை ஆள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அத்தனை காலம் கடலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தும் அதில் கால் நனைத்ததில்லையாம். அங்கே கடலுக்கும் ஆளுக்கும் நடுவில் மதில். பென்ஷன் வந்ததும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தார். எங்கள் ஒழுங்கை முடிவில் ரயில் பாதையைக் கடந்து, காற்சட்டையை மடித்துக்கொண்டு அலையில் நின்றார். பொலித்தீன் பை ஒன்று காலைச் சுற்றியது. அதை எடுத்தார், அடுத்ததையும் எடுத்தார். அப்படியே சனிக்கிழமைகளில் குப்பை பொறுக்கும் பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டார்.

அந்தப் பிள்ளைகளை ஒரு கம்பனி அனுப்புகிறது. நிருஷா என்ற பெண்தான் தலைவி. ஹியூபேட் ஒற்றைச் செருப்பைக் கண்டால் சாக்கில் போடாமல் சோடியைத் தேடுவார். கிடைத்ததாக எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் பழைய சாமிப் படத்தைக் குப்பையில் போடமாட்டோம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் கொண்டுபோய்க் கடலில் விடுவோம். அது சரியான முறை. யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் சட்டத்தோடு விட்டால் கண்ணாடி கல்லில் மோதி உடைந்து மணலுக்குள் கிடக்கும். ஒரு சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளையின் உள்ளங்கை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. மணலில் கண்ணாடி இல்லையென்று தெரியும்வரை ஆட்களை அனுப்பமாட்டோம் என்று கம்பனி சொல்லிவிட்டது.

ஹியூபேட்டின் முகம் தொங்கிப் போனது.

"சனிக்கிழமையும் இல்லாட்டி மருமகளோட இருந்து நாடகம் பாக்கவேண்டியதுதான், ஆச்சி."

அடுத்த வெள்ளி பின்னேரம் ஒரு குறட்டோடு வந்தார். கடைசி வீடு என்னுடையது. என்னிடம் ஒரு ஸ்டூல் வாங்கி, ரயில் பாதைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். தன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பொன்னம்பலம் ஒரு முருகன் படத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஐயா, கண்ணாடிய மட்டும் கழட்டித் தாறேன். முருகன நீங்களே கடல்ல விடுங்க."

"இண்டைக்கு வெள்ளி. மச்சம் சாப்பிட்டனீரோ?"

"வெள்ளிக்கிழமை நாங்களும் இறைச்சி தொடமாட்டோம்."

"மீன்?"

ஹியூபேட் என்னைப் பார்த்தார். நான் ரயில் வருகிறதா என்று பார்த்தேன். கத்தோலிக்க வேதக்காரருக்கு வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். பொய் சொல்லியிருக்கலாம், அந்த மனிதருக்கு வராது.

"பாரைக் குழம்பு," என்றார்.

"அப்ப தள்ளி நில்லும். அந்தக் கையாலை முருகனைத் தொடவோ?"

"சோப்புப் போட்டுக் கழுவினேன், ஐயா."

"சோப்பு வெளியிலைதான் கழுவும்."

முருகன் சட்டத்தோடு போனார். பின்னால் வந்தவர்களும் அதைப் பார்த்து அப்படியே போனார்கள்.

"தம்பி, அவர் கேட்டதிலை பிழையில்லை," என்றேன். "ஒரு நாள் மீனை விட்டா என்ன?"

"மருமக லவினா வெள்ளிக்கிழமைதான் நல்ல மீன் வாங்குவா, ஆச்சி."

"அப்ப மருமகளோடை இருந்து நாடகம் பாரும்."

அடுத்த வெள்ளி ஹியூபேட் காலி வீதிச் சைவக் கடையில் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடேயே வந்துவிட்டார். பொன்னம்பலம் இம்முறை லட்சுமியைக் கொண்டுவந்தார்.

"இண்டைக்கு?"

"தோசை, சாம்பார். உளுந்து வடையும்."

"காலமை?"

"பாண், சம்பல்."

"சம்பலுக்கை மாசிக் கருவாடு?"

மாசி போடாத சம்பலை எந்த வீட்டில் கண்டோம்?

"போடாம இடிக்கச் சொன்னேன். லவினா இன்னும் மூஞ்சிய நீட்டிக்கிட்டு இருக்கா."

பொன்னம்பலம் துவாயை அவிழ்த்துப் படத்தை நீட்டினார். ஹியூபேட் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி வைத்து, லட்சுமியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பின்னால் இரண்டு மூன்று பேர் காத்து நின்றார்கள். நானும் ஒரு கதிரையைப் போட்டு, வந்தவர்களை வரிசையில் விட்டேன்.

அதன்பிறகு வந்த வெள்ளிகளிலும் இதுதான் நடந்தது. மணலில் ஏற்கெனவே கிடந்த துண்டுகளையும் ஹியூபேட் பொறுக்கினார். ஒரு சனிக்கிழமை நிருஷா தனியாக வந்து மணலைக் கிளறிப் பார்த்தாள். அலை தேய்த்த மழுங்கல் துண்டுகள்தான் கிடந்தன, கூரானது எதுவும் இல்லை. அங்கேயே நின்று போன் பண்ணினாள்.

"அடுத்த கிழமை எல்லாரும் வருவினம், அங்கிள்."

ஹியூபேட் வெறும் சாக்கை எடுத்து உதறினார், மடித்தார், மறுபடியும் உதறினார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஆச்சி, சனிக்கிழமை மீன் சாப்பிடலாந்தானே?"

"புரட்டாதிச் சனி வரும்வரைக்கும் சாப்பிடும்," என்றேன்.