சந்தனப் பொட்டு வைத்த கண்ணாடி

விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் பக்கத்துக் கல்லூரிக்கு வேலைக்குப் போன முதல் நாளே அந்த இயற்பியல் துறையை எனக்குப் பிடிக்கவில்லை. நானோ ஈர்ப்பலைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன். எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதிக் கிளப்பும் நடுக்கத்தைக் கண்ணாடியும் லேசரும் வைத்துப் பிடிக்கிற கூட்டத்தில் இருந்தவன். இங்கே துறைத்தலைவர் செய்த ஒரே ஆராய்ச்சி, கேன்டீனில் வடை எப்போது சூடாக வரும் என்பதுதான்.

லேப் பக்கமே போக மாட்டேன். கேட்டால் வேலை அதிகம் என்பேன், உண்மையில் இளக்காரம். மாணவர்கள் ரெக்கார்டு நோட்டுகளை என் மேசையில் அடுக்குவார்கள். இன்டர்ஃபெராமீட்டரில் தெரியும் ஒளி வளையங்களை எண்ணிக் கண்டுபிடிக்கும் சோடியம் விளக்கின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்று விடை வந்திருக்கிறதா பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஐந்து வருடமாக எல்லோருக்கும் வந்தது.

வகுப்பில் மட்டும் வாய் கிழியப் பேசுவேன். "ஈர்ப்பலையப் பிடிக்கிற கருவியும் நம்ம லேப்ல இருக்கிற இன்டர்ஃபெராமீட்டரும் ஒரே தத்துவந்தான். அங்க சிக்னல் வந்தா உடனே குதிக்க மாட்டாங்க. முதல்ல கருவியத்தான் சந்தேகப்படுவாங்க."

காணை கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மாணவி ஒருத்தி இதை நம்பித் தொலைத்தாள். அவள் ரெக்கார்டில் விடை இல்லை. காலி இடத்தைப் பார்த்ததுமே, மேலே படிக்காமல், 'மறுபடி செய்' என்று சிவப்பு மையில் கிறுக்கினேன். மூன்று முறை. கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வில் உட்கார விட மாட்டார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் நேராக என்னிடம் வந்தாள்.

"வளையமே தெரியலன்னு எழுதியிருக்கேன் சார். ஒரு தபா நீங்களே வந்து பாருங்க."

போனேன். கருவியின் நடுக்கண்ணாடியில் காய்ந்து வெடித்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒளி நுழைய வழியே இல்லை.

"ஆயுத பூசைக்கு வெச்சது சார்," என்றார் லேப் உதவியாளர். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே வெச்சிக்கினு வர்றோம். யாரும் ஒண்ணும் சொல்லலயே."

அப்படியானால் நான் கையெழுத்துப் போட்ட அத்தனை 5893-களும்?

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "இதுக்கா சார் இவ்ளோ பேஜாரு? போன வருஷ ரெக்கார்ட பாத்து எழுதச் சொல்லுங்க. ஜல்தி."

ஐந்து வருடமாக மனதுக்குள் நான் கேலி செய்த மனிதர். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதியது சரி என்று ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் பொய் என்றாகிவிடும். அந்தப் பொய்கள் ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து இருந்தது.

"அவர் சொல்றபடியே எழுதிடும்மா," என்றேன். சொன்ன வாயை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

எழுதினாள். கையெழுத்துப் போட்டேன். முழு மதிப்பெண் வாங்கினாள்.

அடுத்த வாரம் ஈர்ப்பலை வகுப்பில் வழக்கம்போலக் கருவியைச் சந்தேகப்படுவது பற்றிப் பேசினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். அவள் நோட்டைத் திறக்கவில்லை.