பதினைந்து என்றே எழுதிய கை

தொப்பி, பரீட்சை அட்டை, இரண்டு பேனா, தண்ணீர், எலுமிச்சை சாதம். மூன்றாம் முறை என்பதால் பட்டியல் மனப்பாடமாகியிருந்தது. முதல் இரண்டு முறையும் நான் தேறவில்லை. இந்த முறையும் சான்றிதழ் வராவிட்டால் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள்.

நான் வேலை செய்வது கடலூரில் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பிரிவில். புகைபோக்கியிலிருந்து வரும் புகையின் அடர்த்தியை வெறும் கண்ணால் பார்த்து எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. புகைக்குப் பின்னால் வானம் முழுக்கத் தெரிந்தால் பூஜ்யம். துளியும் தெரியாவிட்டால் நூறு. இடையில் ஐந்து ஐந்தாக. எங்கள் பொருளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, சான்றிதழ் உள்ளவர் எழுதினால்தான் அந்த அளவை ஏற்கும்.

அதற்கான பயிற்சியும் பரீட்சையும் மூன்று நாள், சிதம்பரத்தில் ஒரு மைதானத்தில். புகை விடும் இயந்திரம் நடுவில் நிற்கும். வெயில் முதுகில் விழ வேண்டும் என்பதால் காலையில் நாற்காலிகள் கிழக்கே, மதியத்துக்கு மேல் மேற்கே. நாங்களேதான் தூக்கிப் போட வேண்டும். ஹாரன் அடித்ததும் பார்த்து எழுத வேண்டும். ஒரு சுற்றுக்குக் கறுப்புப் புகை இருபத்தைந்து, வெள்ளைப் புகை இருபத்தைந்து. சரியான அளவு இயந்திரத்துக்குள் இருக்கும் மீட்டருக்குத்தான் தெரியும். ஒரே ஒரு புகையில் பதினைந்துக்கு மேல் தவறினாலும் அந்தச் சுற்று போச்சு. மூன்று நாளில் ஒரு சுற்று தேறினால் போதும், சான்றிதழ் கிடைக்கும்.

எங்கள் பாய்லரை ஓட்டும் அண்ணனும் என்னோடு வந்திருந்தார். நான் இல்லாத நேரத்தில் பதிவேட்டில் எழுதுவது அவர்தான்.

"இருவது வருசமா புகையிலதான் நிக்கிறேன். எனக்குப் போயி பரிச்ச வெக்கிறானுங்க," என்றார் பஸ்ஸில்.

இரண்டு நாளில் எட்டுச் சுற்று. இருவருமே எட்டிலும் தோற்றோம். இரண்டாம் நாள் மாலை, பயிற்சியாளர் எங்கள் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பாத்து எழுதுனீங்களா?"

"சார், நான் இந்தக் கோடி, அது அந்தக் கோடி," என்றார் அண்ணன். "பாத்து எழுதுறதா இருந்தா பாஸாவுற ஆளப் பாத்து எழுத மாட்டனா?"

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார். "அம்பது, அறுவதெல்லாம் சரியா எழுதுறீங்க. முப்பது, முப்பத்தஞ்சு வந்தா மட்டும் ரெண்டு பேரும் பதினஞ்சு. கண்ணுல கோளாறு இல்லம்மா."

எதில் கோளாறு என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் எல்லை இருபது. அதைத் தாண்டினால் விளக்கம் எழுத வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும், அண்ணன் போய் ஆபீஸில் நிற்க வேண்டும். ரொம்பத் தாண்டினால் மறைக்க முடியாது. கொஞ்சம் தாண்டினால், எப்படியும் அடங்கிவிடும் என்று பதினைந்து போடுவோம். சேர்ந்த புதிதில் எழுதுமுன் கொஞ்சம் தயங்கினேன். இப்போது முப்பது என் கண்ணில் படும்போதே பதினைந்தாகத்தான் படுகிறது.

திரும்பும் பஸ்ஸில் முட்லூர் வரை நின்றுகொண்டே வந்தோம். பரங்கிப்பேட்டைக்குப் போகிறவர்கள் இறங்கியதும் இடம் கிடைத்தது. கண் எரிந்தது.

மூன்றாம் நாள் புகையைப் பார்ப்பதை விட்டேன். வானம் எவ்வளவு தெரிகிறது என்று மட்டும் பார்த்தேன். அறுபத்தைந்து தெரிந்தால் ஓரத்தில் அறுபத்தைந்து என்று எழுதி, நூறிலிருந்து கழித்துக் கட்டத்தில் போட்டேன். வானத்தைக் கூட்டிக் குறைத்து எழுதி எனக்குப் பழக்கமில்லை. அன்றைய இரண்டாவது சுற்றில் தேறினேன்.

அண்ணனிடம் சொன்னேன். "கழித்தல் கணக்கெல்லாம் நமக்கு ஆவாது பாப்பா," என்றார். அவர் தேறவில்லை. "ஆறு மாசத்துக்குத்தான அந்தப் பேப்பரு. நீயும் மறுபடி வரணும்ல. சேந்தே வருவோம்."

திங்கட்கிழமை காலை, முந்தைய இரவு மழையில் பாய்லருக்குப் போடும் சவுக்கு விறகு நனைந்திருந்தது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வானம் அறுபத்தைந்துதான் தெரிந்தது. பதிவேட்டில் முந்தைய பக்கம் முழுக்கப் பதினைந்து, பத்து, பதினைந்து. பாதி என் கையெழுத்து. முப்பத்தைந்து என்று எழுதினேன். அடுத்த கட்டத்திலும் அதுவே வந்தது.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "முப்பத்தஞ்சா?"

"வானம் அவ்ளோதாண்ணே தெரியுது."

"கேட்டா நாந்தான போயி நிக்கணும்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நாம எழுதுனதே இல்ல. வெறகு ஈரம்னு போடவா?"

அவர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஈரம்னு மட்டும் போடாத. மூடி வெக்கத் தார்ப்பாய் கேட்டு ரெண்டு மழ ஆச்சு. அதையும் போடு."

கட்டம் சின்னது. மீதியை ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாய்லர் அறையில் ஆபீஸ் போன் அடித்தது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கப் போனார்.