களிமண் குவியலில் கிடைத்த வேட்பாளர்

நேற்று சாயங்காலத்திலிருந்து வீடு வீடாகப் போய், "நான் ஒரு முட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

(முதல் ஆறு வீட்டில் "தெரியுமே" என்றார்கள்.)

விஷயம் இதுதான். எங்கள் வார்டில் கவுன்சிலர் தேர்தல். சுயேச்சையாக நிற்பவர் செல்வராஜ் அண்ணன். ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி.

அவர் நிற்பதே ஒரே ஒரு காரணத்துக்காக. ஸ்கூல் நேரத்தில் எங்கள் தெருவில் மணல் லாரி ஓடக்கூடாது! குடிநீர்க் குழாயை இரண்டு முறை உடைத்த லாரிகள் அவை.

எதிர்த்து நிற்பவர், அந்த லாரி ஓனருடைய மச்சான்.

ஆகவே தெரு மொத்தமும் அண்ணன் பக்கம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் நுழையும் வரை!

நான் செராமிக் யூனிட்டில் செக்கிங் பார்க்கிறவன். கப்பைச் சுண்டினால் சத்தத்திலேயே விரிசலைச் சொல்லிவிடுவேன். மனிதர்களையும் அப்படிச் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. (என் மனைவி இந்த நினைப்புக்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.)

போன வாரம் மழை வரும்போல இருந்தது. களிமண் குவியலை மூடப் போனேன். எதை வைத்து மூடுவோம்? பழைய ஃபிளக்ஸ் பேனரை வைத்துத்தான். எங்கள் ஊரில் எந்தப் பிரமுகரும் வீணாவதில்லை. பாதிப் பேர் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை, மீதிப் பேர் எங்கள் களிமண்ணுக்குப் போர்வை.

பேனரை விரித்தால், லாரி ஓனருக்குப் பிறந்தநாள் வாழ்த்து!

கீழே வாழ்த்தும் நண்பர்களின் தலைகள், வரிசையாக. கடைசித் தலை நம் செல்வராஜ் அண்ணன்! கட்டம் போட்ட சட்டை, பக்கத்திலேயே பெயர்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த வரிசையை மட்டும் கத்தியால் அறுத்து, சுருட்டி, சைக்கிளில் வைத்து நேராக டீக்கடைக்குப் போனேன்.

டீக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். "அட, நம்ம செல்வராஜா இது?"

"அவரேதாங்க. லாரி ஓனர் பொறந்தநாள் பேனரு இது. பழைய சகவாசம்!"

"அப்ப லாரிய நிறுத்தறேன்னு சொல்லிக்கினு இருந்ததெல்லாம்?"

"நீங்களே யோசிங்க" என்றேன்.

(நீங்களே யோசியுங்கள் என்று சொன்ன பிறகு யாரும் யோசிப்பதில்லை. இது எனக்கு இப்போதுதான் தெரியும்.)

இரண்டே நாள். அண்ணனோடு ஓட்டுக் கேட்கப் போன பையன்கள் வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அவர் நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள். அவர் மகளை ஸ்கூலில் "லாரிக்காரர் வூட்டுப் பொண்ணு" என்று கிண்டல் செய்தார்களாம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வந்ததாம்.

நேற்று அண்ணனும் வசந்தா அண்ணியும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை.

"தம்பி, அத எடு. ஒருவாட்டி பாத்துக்கறேன்."

நான் பெருமையாக விரித்தேன். (ஆமாம், அப்போதும் பெருமைதான்!)

"நான் அந்தாளு வூட்டு வாசப்படி கூட மிதிச்சதில்ல. ஆனா போட்டோ என்துதான்" என்றார்.

அண்ணி கிட்டே போய்ப் பார்த்தார். "ஏங்க, ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோங்க இது. பிரிண்டு போட ஃபிளக்ஸ் கடையில குடுத்தோமே!" பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தக் கடை கம்ப்யூட்டருல யாரு இருந்தா?"

நான் அவசரமாகப் பேனரைச் சுருட்டப் போனேன். அண்ணி விடவில்லை.

அறுத்துவந்த துண்டின் கீழ் மூலையில் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. அண்ணி முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார்.

'டிசைன்' என்று போட்டு, என் பெயர். என் செல் நம்பரும்!

யூனிட்டில் சேர்வதற்கு முன் நான் ஃபிளக்ஸ் கடையில் டிசைன் செய்துகொண்டிருந்தேன். லாரி ஓனர் ஆட்கள் பதினொரு தலை கொடுத்தார்கள். வரிசைக்குப் பன்னிரண்டு வேண்டும். ஒரு இடம் காலியாக, பல் விழுந்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் கைக்குக் கிடைத்த ஒரு போட்டோவை இழுத்து வைத்து, தெரிந்த முகம்தானே என்று பெயரும் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. ஃபிளக்ஸ் பிரிண்ட் ஆவது பாண்டிச்சேரியில், அதனால் அந்தப் பேனரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒரு நாளைக்குப் பத்து பேனர் செய்கிறவன் எதை ஞாபகம் வைத்துக்கொள்வான்?

எல்லாவற்றையும் அப்படியே ஒப்புக்கொண்டேன்.

"வரிசைக்கு ஒரு தல கொறையுதுன்னா உன் தலைய வெக்க வேண்டியதுதான?" என்றார் அண்ணி.

நியாயமான கேள்வி.

"வுடு வசந்தா" என்றார் அண்ணன். பிறகு என்னிடம், "டீக்கடையில சொன்னல்ல? இப்ப வூடு வூடா போயி சொல்லு. நான் சொன்னா எடுபடாது தம்பி."

என் மனைவி கொண்டுவந்த காபியை இரண்டு பேரும் தொடவில்லை. அவ்வளவு வெட்கம் நான் பட்டதே இல்லை.

அதிலிருந்து அலைகிறேன். கெடுக்க ஒரு டீக்கடையும் பத்து நிமிஷமும் போதுமாக இருந்தது. சரிசெய்ய ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது. சிலர் சிரிக்கிறார்கள். சிலர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

இன்று மத்தியானம் பின்தெருவில் ஒரு அக்கா, மாவு பிசைந்த கையோடு நின்று முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். அப்பாடா, ஒருவராவது புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கி அவன் மோசம்னு அடிச்சு சொன்ன. இன்னிக்கி நல்லவன்னு அதே மாதிரி அடிச்சு சொல்ற."

"ஆமாங்க்கா."

"செல்வராஜு உனக்கு எவ்ளோ குடுத்தான்?"

போச்சு! இல்லாத பழி ஒன்று போதாதென்று, இரண்டாவதையும் நானே சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டேன்.

நாளை மறுநாள் ஓட்டு. இன்னும் இரண்டு தெரு பாக்கி.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்து இந்தப் பதிவைப் படிக்கிற நம் வார்டுக்காரர்களே, தயவுசெய்து இன்றைக்கே வீட்டுக்கு ஒரு போன் போட்டு, அண்ணன்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள்.

நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்!