ரெஜினா டீச்சரும் அப்பகுதிப் பெரியவர் ஒருவரும்

செய்தி போனில்தான் வந்தது. கடையில் தராசும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டது கலைவாணி, ரெஜினா டீச்சரிடம் படித்த பெண், இப்போது பெரம்பூரில் ஒரு பள்ளியில் அவளும் டீச்சர். “மாமா, நம்ம டீச்சர் போய்ட்டாங்க” என்றாள். நான் நம்பவில்லை. எங்கள் ராயபுரத்தில் நன்றாக இருப்பவர்களையே அடிக்கடி சாகடிப்பார்கள். என்னையே இரண்டு தடவை சாகடித்திருக்கிறார்கள். மாலையோடு வந்தவர்களுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். “யாரு சொன்னது உனுக்கு? நீ பாத்தியா?” என்று அதட்டினேன். “பாத்துகினுதான் கீறேன் மாமா. பக்கத்துலதான் உக்காந்துகினு கீறேன்” என்றாள். தராசைக் கீழே வைத்துவிட்டு ஷட்டரை இழுத்தேன்.

டீச்சரிடம் படித்தவர்கள் போடும் இந்த நினைவு மலரில் நானும் எழுதவேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆறாவது போயிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன் என்று எங்கள் வாத்தியாரே சொல்லியிருக்கிறார். ஆனால் பேப்பர் விஷயத்தில் எனக்குமேல் ஒருவரும் கிடையாது. எவ்வளவு பெரிய பத்திரிகையாக இருந்தாலும் கடைசியில் என் தராசில் ஏறித்தான் ஆகவேண்டும். பழைய பேப்பர் கடை கோபால் என்றால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரனுக்கும் தெரியும்.

டீச்சர் முதல்முதலாக என் கடைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கறுப்புக் குடை, தோளில் ஜோல்னாப் பை. “அண்ணே, ஒரே தேதி பேப்பரு, எல்லா கம்பெனியும் வேணும்” என்றார். இருபது வருஷ சர்வீஸில் எல்லோரும் எடையைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். தேதியைச் சொல்லிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். “இன்னா டீச்சர், பஜ்ஜி மடிக்கவா? அதுக்கு எந்தத் தேதியா இருந்தா இன்னா?” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “பசங்களுக்குப் பாடம்ணே. ஒரே விஷயத்த நாலு பேரு எப்படிச் சொல்றான்னு பாக்கணும்” என்றார். எல்லாப் பத்திரிகை ஆசிரியர்களும் என் தோஸ்துகள்தான், வேண்டுமானால் வகுப்புக்கே அழைத்து வருகிறேன் என்று நான் அப்போதே வாக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு நேரம் அமையவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. டீச்சர் அதைச் செய்தித்தாள் வகுப்பு என்பார். பிள்ளைகளுக்கு அது பேப்பர் பீரியடு. ஒருமுறை மணலி ஃபாக்டரிகள் பக்கமிருந்து காற்றில் ஒரு நாற்றம் வந்து ஊரே மூக்கைப் பொத்தியது. மறுநாள் ஒரு பேப்பரில் ‘மக்கள் பீதி’. இன்னொன்றில் ‘அச்சம் தேவையில்லை’. மூன்றாவதில் அந்தச் செய்தியே இல்லை. அந்த இடத்தில் முழு அகலத்துக்கு ஒரு புடவை விளம்பரம். மூன்றையும் நான்தான் கட்டிலிருந்து உருவிக் கொடுத்தேன். டீச்சர் பிள்ளைகளைக் கேட்டாராம்: “உங்களுக்கும் மூக்கு இருக்குதுல்ல? நேத்து உங்க வூட்டுல இன்னா நடந்துதுன்னு எழுதுங்க.” ஜன்னலைச் சாத்தியது, தம்பிக்கு இருமல் வந்தது, அப்பா டேங்கர் லாரி ஓட்டிவிட்டு வந்து குளித்தும் வாடை போகாதது என்று ஆளுக்கொரு பக்கம் எழுதினார்கள். அன்று வந்த பேப்பர்களிலேயே அதுதான் நல்ல பேப்பர் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். என் தீர்ப்பை டீச்சர் வகுப்பில் சொன்னார்.

அப்புறம் ஊருக்குள் பிரௌசிங் சென்டர் வந்தது. டீச்சர் விடுவாரா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் ஹைரோட்டுக் கடை ஒன்றுக்குப் போனார். அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முன்னால் மறைப்பாக ஒரு துணித் திரை தொங்கும். “இத்தெல்லாம் கழட்டுப்பா. இங்க யாரும் துணி மாத்த வரல” என்று கடைக்காரரிடம் சொல்லிக் கழற்ற வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளை உட்கார வைத்தார். நானும் துணைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நடுங்கியதைப் பல பேர் பார்த்தார்கள். பார்த்தது ஒரு பெரிய சினிமா நடிகரின் வெப்சைட். பெயர் சொல்ல மாட்டேன், அவருடைய மன்றத்துத் தம்பிகள் என் கடை வாசலில்தான் நிற்கிறார்கள். ஹீரோ என்றே வைத்துக்கொள்வோம். மறு வருஷம் திரும்பப் போனபோது, முதல் தடவை பிள்ளைகள் அதிலிருந்து எழுதி வைத்திருந்த வயதைவிட அவருக்கு வயது குறைந்திருந்தது! டீச்சர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் ஒரு மூலையில ‘வருந்துகிறோம்’னு போடுவான். இங்க ராத்திரியோட ராத்திரி மாத்திட்டு, எப்பவுமே அப்படித்தான் இருந்த மாதிரி உக்காந்துகீறான்.”

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த பீரியடுக்கு ஆபத்து வந்தது. பள்ளிக்கூடத்தில் சினிமாக்காரர் படம் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறார்கள் என்று சில பெற்றோர் புகார் சொல்லிவிட்டார்கள். “பெற்றோர் கூட்டத்துல காட்டுங்க. அவங்களுக்குத் திருப்தி இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அது கணக்கு பீரியடு” என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்து ஒரு பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்தார். சிரிக்காத ரெஜினா டீச்சரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். “பதினாலு வயசுல கேள்வி கேக்கக் கத்துக்கலன்னா அப்புறம் எப்பண்ணே கத்துப்பாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

எதைக் காட்டுவது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அந்தச் சமயம் ராயபுரம் முழுக்க ஒரே பேச்சு: நம் ஹீரோ சின்ன வயதில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தவராம். மன்றத் தலைவன் சேகர் அதை இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்து ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒட்டியிருந்தான். கல்வெட்டே வைக்கப் போகிறார்கள் என்றார்கள். “எல்லாரும் சொல்றாங்க. மொதல்ல யாரு சொன்னது?” என்று டீச்சர் கேட்டாராம். பிள்ளைகள் என் கடைக்கு வந்து கட்டுக் கட்டாகப் பிரித்தார்கள். கடை குப்பைமேடு ஆயிற்று. நான் ஒரு வார்த்தை திட்டவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். ரொம்ப நாள் முன்பு, மழைக்கு என் கடையில் ஒதுங்கிய ஒரு மாலைப் பேப்பர் நிருபர், அந்த ஹீரோவுக்கும் இந்த ஏரியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டார். மழையில் நிற்கிற மனிதர் வெறுங்கையோடு போகலாமா? ஏதோ சொன்னேன். அன்றே மறந்தும் போனேன். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எத்தனை சொல்கிறேன்! அதற்குப் பிறகு சேகர் அந்த அச்செடுத்த தாளோடு ஓடிவந்தான். “அண்ணாத்த, பாரு! இன்டர்நெட்லயே போட்டுகீறான்!” படித்துக் காட்டினான். கம்ப்யூட்டரே சொல்லும்போது இல்லை என்று சொல்ல நான் யார்? அது மட்டுமில்லை, அவன் படிக்கப் படிக்க அந்தப் பையனின் கிழிந்த பனியன்கூட எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. “ஆமாண்டா சேகரு, நானே பாத்துகீறேன்” என்று சொல்லி அனுப்பினேன்.

பெற்றோர் கூட்டம் வந்தது. நான் வெள்ளைச் சட்டையில் முதல் வரிசை. மீன்பிடிப் படகில் போகிறவர்கள், ஒர்க்‌ஷாப் ஆட்கள், மீன் விற்கும் அம்மாக்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. பின்னால் சேகரும் மன்றத்துத் தம்பிகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கூடத்தின் குறுக்கே ஒரு துணி காயப்போடும் கயிறு. அதில் கிளிப் போட்டு, அச்செடுத்த வெப்சைட்டும் பழைய பேப்பருமாகத் தொங்கின. கலைவாணி குச்சியை வைத்துக்கொண்டு புதியதிலிருந்து பழையதுக்கு நடந்தாள். இந்த வெப்சைட் அந்த வெப்சைட்டைப் பார்த்து எழுதியது. அது இந்த வாரப் பத்திரிகையைப் பார்த்து எழுதியது. வாரப் பத்திரிகை மாலைப் பேப்பரைப் பார்த்து எழுதியது. அதற்கு முன்னால் எதிலும் இல்லை. “மாலைப் பேப்பர்ல ‘அப்பகுதிப் பெரியவர் ஒருவர் கூறினார்’னு இருக்குது. அந்தப் பெரியவர் யாருன்னு தேடினோம். கிடைக்கல” என்று சொல்லி நின்றுவிட்டாள்.

“அவ்ளோதானா?” என்றார் ஒரு தகப்பனார். “இன்னாம்மா, மாசக்கணக்கா படிச்சு, தெரியலன்னு சொல்றதுக்கா கூட்டம்?” பின்னாலிருந்து சேகர் கத்தினான்: “பெரியவரு பொய் சொல்வாரா? எங்க தலைவரு ஐஸ் ஒடச்சாருதான்!” தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். ரெஜினா டீச்சர் முகத்தில் ரத்தமில்லை. கலைவாணி அந்தப் பேப்பரில் பெரியவர் சொன்னதை உரக்கப் படித்தாள்: “‘கட்டி உருகும் முன்னே ஓடுவான், அவன் ஓடினால் ஐஸுக்கே வேர்க்கும்.’”

ஐஸுக்கே வேர்க்கும்! இந்தத் தமிழ்நாட்டில் அப்படி ஒரு வசனம் எவனுக்கு வரும்? நான் எழுந்து கையைத் தூக்கினேன். “யோவ், அது என் வசனம்! நான்தான் சொன்னேன். பேரைப் போடாம விட்டதுமில்லாம பெரியவராம்! அப்ப எனக்கு நாப்பது கூட ஆவல!”

கூடமே என் பக்கம் திரும்பியது. கலைவாணி குச்சியோடு என் பக்கம் வந்தாள்.

“மாமா, அவர் ஐஸ் ஒடச்சத நீங்க பாத்தீங்களா?”

“பின்ன? இன்டர்நெட்லயே போட்டுகீறானே!”

“அது பேப்பரப் பாத்துப் போட்டது மாமா.”

“பேப்பர்லயும்தான் வந்துகீதே!”

“பேப்பர்ல நீங்க சொன்னதுதான மாமா வந்துச்சு.”

நான் கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தேன். இரண்டு முனையிலும் நானே நின்றுகொண்டிருந்தேன். முதலில் சிரித்தது கலைவாணியின் அம்மா. அப்புறம் கூடமே சிரித்தது. சேகர்கூடத் தலையில் அடித்துக்கொண்டு, “நைனா, உன்ன நம்பி கல்வெட்டுக்கே ஆர்டர் சொல்லிட்டனே!” என்று சிரித்தான். ‘அவ்ளோதானா’ என்று கேட்ட அதே தகப்பனார் எழுந்து, “மேடம், கோவாலு வாய மூட இந்த ராயபுரத்துல ஒரு ஆளு கெடையாது. இந்தப் பொண்ணு மூடிட்டா. கணக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும், இத்த நிறுத்தாதீங்க” என்றார். கைதட்டலில் கயிறு ஆடியது. தலைமை ஆசிரியையும் தட்டினார், நான் பார்த்தேன்.

டீச்சர் கடைசியாகப் பேசினார். “பேப்பர்ல ‘கூறப்படுகிறது’ன்னு வரும். யாரு கூறினதுன்னு வராது. வெப்சைட்ல அது கூட இல்ல. இந்தக் கயித்துல இவ்ளோ பேரு எழுதிகீறாங்க, நான்தான் சொன்னேன்னு எழுந்து நின்னவரு கோபாலண்ணன் ஒருத்தர்தான். அவருக்கு ஒரு தடவ தட்டுங்க.” நான் வணக்கம் சொன்னேன். பேப்பர் பீரியடு டீச்சர் ஓய்வு பெறும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் நடந்தது. உங்களில் பாதிப் பேர் அதில் உட்கார்ந்தவர்கள்தான்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் கைதூக்கல்தான். நான் கதை விடுவதை அவர் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை, நானும் நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து எதைச் சொன்னாலும், சொல்லி முடித்ததும் கையைத் தூக்கி ‘சொன்னது கோபால்’ என்று சேர்த்துவிடுகிறேன்.

அடக்கத்தன்றும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வந்த அவருடைய உறவுக்காரர்கள் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள். நான் போய், டீச்சர் பிள்ளைகளோடு ரோடு தாண்டக் குடையை நீட்டினால் எண்ணூர் வரைக்கும் கண்டெய்னர் லாரிகள் நிற்கும், டிரைவர்கள் இறங்கி வணக்கம் வைத்த பிறகுதான் வண்டியை எடுப்பார்கள் என்று சொன்னேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த கலைவாணி அதைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.