நேதோவின் பின்னிருக்கை

நேதோ பாக்கினியை ஊமை என்று நினைத்தவர்கள் இத்தாலியில் எங்கள் ஊரான பொன்தெதேராவில் உண்டு. ஊமை இல்லை. வாய்க்குப் போக வேண்டியதெல்லாம் அவனுக்குக் காதுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

போருக்கு முன்னால் எங்கள் ஆலையில் விமானம் செய்தார்கள். குண்டு விழுந்து கூரை போயிற்று. விமானம் கட்டிய கைகளுக்கு வேறு வேலை வேண்டுமே? நாற்பத்தாறில் அந்தக் குட்டி ஸ்கூட்டர் வந்தது. ஒடுங்கின இடுப்பு, பருத்த பின்பக்கம், ஓயாத ரீங்காரம். பேர் வெஸ்பா; எங்கள் பேச்சில் குளவி என்று அர்த்தம். சங்கிலி கிடையாது, கால்சட்டையில் மசகு ஒட்டாது. அங்கி போட்ட பாதிரியார்கூட ஏறி உட்கார்ந்துகொண்டு போனார். முதலில் சிரித்த நாடு பிறகு வரிசையில் நின்றது.

செய்து முடித்த வண்டியை ஓட்டிப் பார்த்து, சரி என்று அனுப்புவது நேதோவின் வேலை. எட்டு வருஷம் அதே வேலை. ஓட்டும்போது யாராவது பேசினால் இடது கையைத் தூக்குவான். சும்மா இரு என்று அர்த்தம். மேலதிகாரி பேசினாலும் அதே கைதான். ஒரு திருகு தளர்ந்திருந்தால் மூன்று தெரு தாண்டுவதற்குள் சொல்லிவிடுவான்.

வேலை முடிந்தால் காலி வீடு. அடுப்படியில் நின்றபடியே சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். அதே ஆலையில் தையல்காரியாக இருந்த எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கும். அதைக் கேலியாகத்தான் சொல்லத் தெரியும் எனக்கு. "ஏய் நேதோ, வண்டிக்கிட்ட பேசுறதுல கால்வாசி ஒரு பொண்ணுகிட்ட பேசியிருந்தா இந்நேரம் பேரன் எடுத்திருப்பே."

அந்தக் காலத்து வெஸ்பாவில் ஓட்டுபவனுக்கு மட்டும்தான் இருக்கை. பின்னால் ஆள் உட்கார வேண்டுமானால் தனியாக ஒரு மெத்தை வாங்கிப் பொருத்த வேண்டும். கல்யாணமாகாத ஒருவன் மெத்தை பொருத்தினால் ஊருக்கே சேதி தெரிந்துவிடும். ஐம்பத்து நாலாம் வருஷம் மே மாதம், ஒரு திங்கட்கிழமை, நேதோவின் வண்டியில் சாமான் கட்டும் கம்பி போய் மெத்தை வந்திருந்தது.

"யாருக்குய்யா?" என்று கேட்டேன். காது வரைக்கும் சிவந்துபோனான்.

என் சித்தி மகள் நோர்மாவுக்கு. போரில் புருஷனைப் பறிகொடுத்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து இருக்கை உறை தைப்பவள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் அவளிடம் போய் ஒரே மூச்சில் கேட்டுவிட்டான். "கல்யாணம் பண்ணிக்கலாமா? கடலுக்குப் போலாமா?" எதை முதலில் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை, பாருங்கள்.

நோர்மா சிரித்துவிட்டாள். "கடலுக்குப் போலாம். மத்ததைப் போற வழியில சொல்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். பூப்போட்ட புதுக் கவுன். கையில் பை. எல்லாப் பெண்களையும் போல ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். பீசா தாண்டியதும் அவன் தோள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அவன் திரும்பவில்லை. மறுபடி சொன்னாள்.

இடது கையைத் தூக்கினான் படுபாவி!

அவன் காதில் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜின் மூடியைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தவன் ஒரு மணி நேரம் நிமிரவில்லை. உச்சி வெயிலில் அவள் நின்றாள். பீசா பஸ் வந்தது. கை காட்டி ஏறிப் போய்விட்டாள். பஸ் கிளம்பிய சத்தத்துக்குத்தான் அவன் தலை நிமிர்ந்தான்.

மறுநாள் ஓடி வந்தான். "நோர்மா, கண்டுபிடிச்சிட்டேன்! வண்டியில கோளாறே இல்லை. உங்க கைப்பையோட கொக்கிதான் வண்டித் தகட்டுல இடிச்சிருக்கு!" எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! நோர்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த வருஷம் லிவோர்னோ ரயில்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். நேதோ மெத்தையைக் கழற்றிவிட்டுப் பழையபடி கம்பியை மாட்டினான். வேறு யாரையும் அவன் கேட்கவே இல்லை.

இருபது வருஷம் கழித்து அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள். பாதாம் ரொட்டியை ஒயினில் முக்கித் தின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"யோலே, அன்னிக்கு அவ ரெண்டு தடவை என்னமோ சொன்னா. உன்கிட்ட சொல்லாமலா இருந்திருப்பா?"

சொல்லியிருந்தாள். 'சரின்னு சொன்னேன்டி. காதுல விழலையோன்னு மறுபடியும் சரின்னு சொன்னேன். கையைத் தூக்குறான். அந்தக் காதுல எனக்கு இடமில்லடி.' வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது எனக்கு.

கிழவன் முகத்தைப் பார்த்தேன். நெஞ்சு கேட்கவில்லை. "வேண்டாம்னு சொன்னாளாம்" என்றேன்.

"நெசமாவா?"

"மாதா சத்தியமா."

"அப்பாடா!" என்று மூச்சு விட்டான். "இத்தனை வருஷம், நான்தான் கெடுத்துட்டேனோன்னு..." சிரித்தான். எனக்கு இன்னும் கொஞ்சம் ஒயின் ஊற்றினான். ஊற்றும்போதே கை நின்றது.

"அப்புறம் ஏன் யோலே, பஸ் ஜன்னல்ல உக்காந்து அப்படி அழுதா?"

நான் கோப்பையை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தேன்.